'சல்யூட்' என்று போட்டுவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழை வீட்டிலும் பள்ளியிலும் தினமும் படிக்கிறவள் நான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் தமிழாசிரியை. ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒன்றை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், இடம் இல்லையென்றால் சுருக்கிப் போடுங்கள், ஆனால் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் அதைத் தேடிப் பிடித்துப் படத்தோடு வெளியிடுகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. கொலை, கொள்ளை, விபத்து என்று பக்கம் பக்கமாக வருகிற நாளில் அந்த ஒரு பெட்டிச் செய்திதான் காலையில் மனதுக்கு ஆறுதல். ஆனால் அந்தப் பெட்டியின் தலையில் வருகிற சொற்கள் இருக்கின்றனவே: 'சல்யூட்', 'ஹாட்ஸ் ஆஃப்', 'ரியல் ஹீரோ', 'கிரேட் அம்மா', 'லெஜண்ட்'. அண்மையில் மழை வடியாமல் நின்ற ஒரு தெருவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அடைப்பை எடுத்த ஒரு தூய்மைப் பணியாளரின் படத்தைப் போட்டிருந்தீர்கள், மேலே பெரிய எழுத்தில் 'சல்யூட் அக்கா' என்று இருந்தது. பார்த்ததும் நெஞ்சு நெகிழத்தான் செய்தது. அப்புறம் கீழே இருந்த செய்தியைப் படித்தேன். அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. வார்டு எண் இருக்கிறது, கவுன்சிலர் பெயர் இருக்கிறது, வந்து பார்வையிட்ட அதிகாரியின் பெயர் பதவியோடு இருக்கிறது, படம் எடுத்தவரின் பெயர்கூட ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, தண்ணீரில் நின்றவரின் பெயர் மட்டும் இல்லை. எதை வைத்து அடைப்பை எடுத்தார், கையுறை கொடுத்திருந்தார்களா, எத்தனை மணிக்கு இறங்கினார், தண்ணீர் எப்போது வடிந்தது, அவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலியா, எதுவுமே இல்லை. 'சல்யூட்' என்ற ஒரு சொல்லுக்குள் அத்தனையும் அடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள் போல.

இதைச் சொன்னால் உடனே, தமிழ் டீச்சர், ஆங்கிலம் கலக்காதே என்று சண்டைக்கு வருகிறார் என்று தோன்றலாம். இல்லை. பாராட்டும் சொற்களை நாம் காலம் காலமாக வெளியிலிருந்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். சபாஷ் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். பேஷும் அந்தப் பக்கம்தான். பலேயும் நம் வீட்டில் பிறந்ததில்லை. மராட்டியர் 1676 முதல் 1855 வரை ஆண்ட ஊர் எங்கள் ஊர், இங்கே வாய்க்கு வந்த சொல்லையெல்லாம் வடிகட்டினால் பேசவே முடியாது. 'சூப்பர்' இனிமேல் தமிழ்ச் சொல்தான், என் வகுப்புப் பிள்ளைகள் 'செம', 'மாஸ்', 'வேற லெவல்' என்று கலந்துகட்டிச் சொல்கிறார்கள், சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குக் குறை, அந்தச் சொல்லுக்கு அப்புறம் ஒன்றும் வராமல் போவதுதான்.

ஏன் வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்தில் பாராட்டும்போது விவரமாகத்தான் பாராட்டுகிறார்கள், எது பிடித்தது, எந்த இடம், ஏன் என்றெல்லாம் சொல்வார்கள். நாம் அந்த மொழியிலிருந்து வாக்கியங்களை எடுத்துக்கொள்ளவில்லை, முத்திரைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். 'கிரேட்' என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்த வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும், நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அது வராது. தமிழுக்குத் திரும்பலாம் என்றால், உயரத்தில் ஏறிவிட்டுக் கீழே இறங்குவது போல ஒரு கூச்சம். அதனால் 'கிரேட்' என்பதோடு நின்றுவிடுகிறோம். பாராட்டு வாங்கியவர் பதிலுக்கு 'தேங்க் யூ' என்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் நடந்திருக்க வேண்டிய பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது.

இதில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. முகத்துக்கு நேரே பாராட்டுவதில் நமக்கு எப்போதுமே ஒரு தயக்கம் உண்டு. பிள்ளையைப் பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடும், கண் பட்டுவிடும் என்று பயந்தவர்கள் நம் பெரியவர்கள். மகன் முதல் மதிப்பெண் வாங்கினால் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார் அப்பா, மகனிடம் சொல்ல மாட்டார். இன்றைக்கு அதே மாதிரி ஒரு அப்பா 'சூப்பர்டா' என்று முதுகில் தட்டுகிறார் என்றால், அந்தச் சொல் அவருடைய கூச்சத்தை உடைத்திருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கூச்சம் போன பிறகு, அடுத்த ஒரு வாக்கியத்தையும் அவர் சொல்லிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் வேலையிலிருந்தே சொல்கிறேன். தமிழ்க் கட்டுரை நோட்டு திருத்தும்போது ஆசிரியர்கள் கீழே 'குட்', 'வெரி குட்', 'எக்ஸலண்ட்' என்று எழுதுவது இன்றைக்கும் பள்ளிக்குப் பள்ளி நடக்கிறது, அதுவும் தமிழ்க் கட்டுரைக்கு. கூடவே ஒரு ஸ்டார். ஐம்பது நோட்டு திருத்துகிறவருக்கு நேரம் கிடையாது என்பது எனக்குத் தெரியும், அதனால் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் நோட்டை வாங்கிய பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஸ்டாரை எண்ணுகிறது, பக்கத்துப் பிள்ளைக்கு எத்தனை என்று எட்டிப் பார்க்கிறது, நோட்டை மூடிவிடுகிறது. தான் எழுதியதை அது திரும்பப் படிப்பதே இல்லை.

அதனால் நான் ஒரு வரி எழுதுவேன். 'உங்க ஊர் ஏரிக்கரையில காலையில நாரை வந்து நிக்கிறதை எழுதியிருக்கியே, எனக்கு அந்த ஏரியைப் பார்க்கணும்போல இருக்கு.' 'ழகரமும் ளகரமும் ஒரு இடத்துலகூட மாறலை.' 'தாத்தா பேசினதை அவர் பேசின மாதிரியே எழுதியிருக்க.' இவ்வளவுதான். அந்த வரியைப் படித்த பிள்ளை நோட்டைப் பின்னால் புரட்டி, நான் சொன்ன இடத்தைத் தேடிப் படிக்கிறது. வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா என்னைச் சந்தையில் பார்த்து, 'எங்க ஊரு ஏரி நல்லாருக்குன்னு சொன்னீங்களாமே' என்று கேட்டார். வெரி குட் என்று போட்டிருந்தால் அவர் என்னிடம் வந்து பேச ஒன்றும் இருந்திருக்காது.

ஊரில் பாராட்டு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் போதும், நான் சொல்வது விளங்கிவிடும். அவனியாபுரத்திலோ அலங்காநல்லூரிலோ ஜல்லிக்கட்டு நடக்கும்போது மைக் பிடித்திருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். மாடு வாடிவாசலை விட்டு ஓடிப்போகாமல் அங்கேயே திரும்பி நின்று ஆட்களைக் கிட்டே நெருங்க விடவில்லை என்றால் 'நின்னு விளையாடுற மாடு' என்பார். பார்க்காதவனுக்கும் அந்த மாடு கண்ணில் தெரியும். பிடித்தவனையும் பாராட்டுவார், பிடிபடாத மாட்டையும் பாராட்டுவார், மாட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள். இங்கே காவிரிக் கரையில் கோயில் திருவிழா என்றால் ராத்திரி நாதஸ்வரக் கச்சேரிக்கு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், தவில்காரர் முத்தாய்ப்பாக வாசித்த தீர்மானம் சரியாகச் சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்க அடியில், வந்து விழுந்த அந்த நொடியில்தான் 'ஆகா' என்பார்கள். முன்னாலும் சொல்ல மாட்டார்கள், பின்னாலும் சொல்ல மாட்டார்கள். மேடையில் இருப்பவருக்குத் தன் கணக்கைப் பின்தொடர்ந்த ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த ஒரு சத்தத்திலேயே தெரிந்துவிடும். நாதஸ்வரம் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார், இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசும்போது அடைமொழி எதுவும் போடுவதில்லை, 'ராஜரத்தினம் தோடி' என்பார்கள், அவ்வளவுதான். அவர் பெயரோடு அவர் வாசித்த ராகத்தைச் சேர்த்துச் சொல்வதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டியிருக்கிறது? வ.உ.சி.யைக் 'கப்பலோட்டிய தமிழன்' என்கிறோமே, அதுவும் அப்படித்தான். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரன் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார் என்ற செய்தி முழுவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அவரைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகூட அந்தப் பெயரைக் கேட்டால் 'என்ன கப்பல் டீச்சர்?' என்று கேட்கும். லெஜண்ட் என்று சொல்லியிருந்தால் என்ன கேட்கும்?

பழைய பாட்டிலும் இதுதான். அதியமானைப் பற்றி ஔவையார் பகைவர்களிடம் சொல்வதாகப் புறநானூற்றில் 87ஆம் பாட்டு இருக்கிறது. எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான், போர்க்களத்துக்கு வராதீர்கள் என்று எச்சரிக்கிறார். அவன் எப்படிப்பட்டவன்? ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய கைதேர்ந்த தச்சன் ஒருவன் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்குமோ, அப்படிப்பட்டவனாம். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள், முப்பது நாளைக்கு இருநூற்று நாற்பது தேர், அத்தனை உழைப்பும் ஒரு சக்கரத்துக்குள்ளா என்று. தலைவனைப் புகழ வந்த இடத்தில் தச்சனும் சேர்ந்து உயர்ந்துவிட்டான் பாருங்கள், எனக்கு அந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

எங்கள் ஊர்ப் பெரிய கோயிலுக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள், விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், 'வாவ்', 'ஆசம்' என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஆனால் கொஞ்சம் குனிந்து அடிப்பகுதியில் இருக்கிற எழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010ஐ ஒட்டி, அவன் வாய்மொழியாகக் கொடுத்த உத்தரவு அது. நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்கிறான். அக்கன் என்பது அவனுடைய அக்கா குந்தவை. அப்புறம் சுற்றிலும் விவரம்தான். எந்த நகை, அந்தக் கால எடையில் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, 'ஆடவல்லான்' என்று பெயர் வைத்த எடைக்கல்லால் நிறுத்தது என்பது வரை. முத்து என்றால் வெறுமனே முத்து என்று போடவில்லை, வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து என்று வகை பிரித்து எழுதியிருக்கிறார்கள். கோயிலில் ஆடுவதற்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஒவ்வொருவருக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்காக 100 கலம் நெல். ஆயிரம் வருஷம் கழித்து ஒரு ஆடல் பெண்ணின் பெயரை நாம் வாய்விட்டுப் படிக்க முடிகிறது. கோயிலைக் கட்டிய தச்சனுக்கு ராஜா தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான்: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். கல் சுமந்தவர்கள், மண் கொட்டியவர்கள் பெயர் அங்கேயும் இல்லைதான், அது எனக்கு ஒவ்வொரு தடவையும் உறுத்தும். ஆனாலும் ஒருவர் செய்ததை மதித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கல்வெட்டுக்குத் தெரிந்திருக்கிறது. யார், என்ன, எவ்வளவு என்று எழுதி வைத்தார்கள்.

2024 ஜனவரியில் மதுரை கொடிக்குளத்தில் பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். இறந்துபோன தன் மகளின் நினைவாக. அந்த ஊர் நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளி ஆவதற்கு இடம் வேண்டியிருந்தது, அதற்காக. அந்த ஆண்டு குடியரசு தின விழாவில் அவருக்கு முதலமைச்சரின் சிறப்பு விருது கிடைத்தது. அப்போது எங்கே திரும்பினாலும் 'ஹாட்ஸ் ஆஃப்', 'சல்யூட் அம்மா'. ஒரு நடுநிலைப்பள்ளி ஆசிரியையாகச் சொல்கிறேன், எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்து, ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றால் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளைகள்தான். பஸ் சரியில்லை, துணைக்கு ஆள் இல்லை, வயசுக்கு வந்துவிட்டாள் என்று ஆயிரம் காரணம் வரும். மகளை இழந்த ஒரு தாய் கொடுத்த நிலம் எத்தனை பேருடைய மகள்களை ஒன்பதாம் வகுப்புக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தால், படித்தவன் மனதில் அது காலத்துக்கும் நின்றிருக்கும். பக்கத்து ஊரில் நிலம் வைத்திருக்கிற இன்னொருவருக்கும் ஒரு யோசனை வந்திருக்கலாம். சல்யூட் என்று படித்தால் சல்யூட் அடிக்கத்தான் தோன்றும்.

தமிழில் எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 'இதய தெய்வமே', 'வாழும் வள்ளலே' என்று சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார்களே, அதெல்லாம் நல்ல தமிழ்தான், அதில் என்ன இருக்கிறது? 2020இல் கொரோனா வந்தபோது மார்ச் 22ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் நின்று கை தட்டினோம், தட்டு தட்டினோம். 'ரியல் ஹீரோஸ்', 'சல்யூட் டாக்டர்ஸ்' என்று எல்லோரும் எழுதினோம், 'கடவுளின் மறு உருவம்' என்று தமிழிலும் எழுதினோம். ஒரு மாதம் முடியவில்லை. ஏப்ரல் 19ஆம் தேதி ராத்திரி, தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து ஆம்புலன்ஸைத் துரத்தியது. கூட இருந்த இன்னொரு மருத்துவர் தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் செய்ய வேண்டி வந்தது. சைமனின் உடலை அவர் விரும்பிய கல்லறைத் தோட்டத்துக்கு மாற்ற அவருடைய மனைவி நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடினார். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மருத்துவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், தொற்று எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, இறந்தவரின் உடலை எப்படிச் சுற்றி எவ்வளவு ஆழத்தில் வைக்கிறார்கள் என்பதை அந்த ஒரு மாதத்தில் எல்லாப் பத்திரிகைகளும் 'ரியல் ஹீரோ' போட்ட அதே அளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அந்தத் தெருவில் நின்றவர்களில் நாலு பேராவது கல்லைக் கீழே போட்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

மரியாதை என்று வந்தால் 'சார்', 'மேடம்' பற்றியும் சொல்ல வேண்டும். இதில் நான் ஆங்கிலச் சொல்லின் பக்கம் ஓரளவு நிற்கிறேன், ஏனென்றால் சார் வருவதற்கு முன்னால் நம் ஊரில் எளியவன் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். 'சாமி', 'எசமான்', 'ஆண்டே'. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டும். தாத்தா வயதுக்காரரைப் பொடியன் 'வாடா' என்று கூப்பிடுவான். அப்படிப்பட்ட இடத்தில் சாதி ஒட்டாத ஒரு சொல்லாக வந்தது சார். அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்க முடிந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், பெரியார் சோவியத் நாட்டுக்குப் போய்விட்டு 1932இல் திரும்பியதும் எல்லோரையும் 'தோழர்' என்று கூப்பிடச் சொன்னார். மரியாதைச் சொல் யாருக்கு, யாரிடமிருந்து என்று இந்த மண்ணில் எவ்வளவு சண்டை நடந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு, 'சார் வேண்டாம், ஐயா போதும்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது.

ஆனால் அந்தச் சாரும் இப்போது மேலே மட்டும்தான் போகிறது. தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்கிற விவசாயி, மகன் வயதுக்காரரை நாலு தடவை சார் என்கிறார், அந்தப் பக்கத்திலிருந்து 'என்னய்யா, அப்பறம் வா' என்று பதில் வருகிறது. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் கிராமப் பஞ்சாயத்து 2021இல் தங்கள் அலுவலகத்தில் சார், மேடம் கூடாது, பெயரையோ பதவியையோ சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று முடிவெடுத்தது. விண்ணப்பத்தில் 'தாழ்மையுடன்' என்றெல்லாம் எழுத வேண்டாம், உரிமையோடு கேளுங்கள் என்றும் சொன்னார்கள். நீதிமன்றங்களில் 'மை லார்ட்' வேண்டாம் என்று இந்திய வழக்கறிஞர் கழகம் 2006இலேயே விதி போட்டது, நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு தன்னை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று வழக்கறிஞர்களிடம் சொன்னார், ஆனாலும் பழக்கம் போகவில்லை. சொல்லை மாற்றுவதைவிட அந்தச் சொல் இரண்டு பக்கமும் போய்வருகிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கேதான் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது, யாரும் ஒளிக்க முடியாது. கோடிக்கணக்கில் ஏமாற்றியவர் 'கைது செய்யப்பட்டார்', சைக்கிள் திருடியவன் 'கைது செய்யப்பட்டான்' என்று இன்னும் சில நேரம் உங்கள் பக்கங்களில் வருகிறது. ஆட்சியர் 'வந்தார்', கூலித் தொழிலாளி 'இறந்தான்'. முன்பைவிட நிறையக் குறைந்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் போகவில்லை. முதல் பக்கத்தில் உழைப்பாளிக்குச் சல்யூட் போட்டுவிட்டு, ஆறாம் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவனை அவன் இவன் என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் எதைப் படித்துக்கொள்வார்கள்? வகுப்பில் செய்தித்தாள் வாசிக்கும்போது 'டீச்சர், இவரு ஏன் அவன், அவரு ஏன் அவர்' என்று கேட்கிறார்கள். கேட்கிற பிள்ளையின் அப்பாவும் மூட்டை தூக்குகிறவராக இருப்பார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. தலைப்பில் சூப்பர் போடுங்கள், வேண்டுமானால் சல்யூட்டும் போடுங்கள், ஆனால் கீழே செய்தவரின் பெயரை இனிஷியலோடு போடுங்கள். வயது, ஊர், வேலை. என்ன செய்தார், எப்படிச் செய்தார், அதற்கு என்ன செலவானது, யார் தடுத்தார்கள், யார் உதவினார்கள். இடம் போதவில்லை என்றால் அதிகாரியின் கருத்தைக் குறைத்துக்கொள்ளலாம். யாருடைய செய்தியானாலும், குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும், 'ஆர்' போட்டு எழுதுங்கள். அந்தத் தூய்மைப் பணியாளரை உங்கள் நிருபர் மறுபடி பார்க்க முடிந்தால் அவர் பெயரைக் கேட்டு, அவருக்குச் சம்மதம் என்றால், ஒரு நாள் வெளியிடுங்கள்.

எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் அவரவர் தெருவில் வேலை செய்கிற ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போஸ்ட்மேன், நடவு ஆள், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அம்மா, தண்ணீர் திறந்துவிடுகிறவர், பிரசவ ஆஸ்பத்திரி ஆயா, ஓட்டல் பரோட்டா மாஸ்டர் என்று வந்திருக்கிறது. 'நல்லவர்' 'வல்லவர்' என்று எழுதக் கூடாது, பார்த்ததை எழுத வேண்டும், அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உங்கள் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒன்று வெளியிட இடம் தர முடியும் என்றால் பள்ளி முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், தலைமையாசிரியரின் கையெழுத்தோடு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஒரு நடுநிலைப்பள்ளித் தமிழாசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.